தொழில் பயின்ற துரை: ஜேம்ஸ் டெயிலர்

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி நோக்கி ஏறிவரும் பாதையின் இருமருங்கும் தேயிலை. பிறந்த நாள் முதல் கண்ட காட்சியாதலால் நாம் அதனை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. மலையும் மழையும் போலத் தேயிலையும் என்றென்றும் இங்கே இருந்துவந்ததாகவே நமக்குத் தோன்றுகின்றது. உண்மை அஃதன்று. நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னர் இம்மலைகளில் நின்றது கோப்பி. கொழுந்தைப் பறித்து, வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, காயவைத்துக் குடிக்கத்தக்க பண்டமாக்கும் வித்தையை அன்று இந்நாட்டில் அறிந்தவர் ஏறக்குறைய எவருமிலர். ஒரு தொழில் ஒரு நாட்டுக்குள் புகும்போது அதனை முதன்முதலாகக் கற்றவர் ஒருவர் இருந்தே தீரவேண்டும். இலங்கைத் தேயிலையைப் பொறுத்தவரை அவர் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர்.

பாடநூல்களில் அவருக்குக் கிடைத்திருப்பது ஓர் ஆண்டும் ஓர் ஏக்கர்க் கணக்கும் அடங்கிய ஒற்றை வரி. மிஷன் பாடசாலையிற் படித்த நமக்கு, புத்தகம் கட்டும் கடையில் பயிலுநராயிருந்து பின்னர் பெரும் விஞ்ஞானியான மைக்கேல் பரடேயின் கதை மனப்பாடம். நம் வீட்டு அடுப்பை எரியவைத்த தொழிலைக் கற்றவரின் கதையோ தெரியாது. தொழிற்கல்வி வேண்டும், கைத்தொழில் வேண்டும் என்று மேடைதோறும் பேசப்படும் இந்நாளில் அன்னாருடைய வாழ்க்கையைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகின்றோம். தேயிலையின் தந்தை என்று அவருக்கு மாலை சூட்டுவது நமது நோக்கமன்று. மாலைகள் அவருக்குப் போதுமான அளவு சூட்டப்பட்டாயின. அவரை ஒரு பயிலுநராகப் பார்ப்பதே நமது விருப்பம்.

டெயிலர் 1835ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 29ஆந் திகதி ஸ்கொத்லாந்தின் கின்கார்டின் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் மைக்கேல் டெயிலர் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். சக்கரத் தச்சு எளிய வேலையன்று. குடத்துக்கு ஒரு மரம், ஆரக்காலுக்கு வேறு மரம், வட்டைக்கு மற்றொரு மரம் என்று தேர்ந்தெடுக்கவேண்டும். இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சிச் சக்கரத்தின்மேல் ஏற்றி, மரம் கருகுமுன் தண்ணீர் ஊற்றவேண்டும். பட்டை சுருங்கும் வேகத்திலே ஆரக்கால்கள் எல்லாம் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் சக்கரம் பாழ். நம் ஊர்களில் மாட்டுவண்டிக்குப் பட்டை கட்டியதைக் கண்ட பெரியோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இத்தகைய பட்டறையின் ஓசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை தந்தையின் உளியைக் கையில் எடுக்கவில்லை. ஒன்பது வயதில் தாயாரை இழந்தார். சிற்றன்னையின் ஆட்சியில் வீடு அவருக்கு இனிக்கவில்லை. படிப்பிலே நாட்டம் சென்றது.

பதினான்கு வயதளவில் அவர் தாம் படித்த பாடசாலையிலேயே மாணவ ஆசிரியராக அமர்ந்தார். மூத்த ஆசிரியரின் கீழிருந்து சிறுவர்க்குக் கற்பித்துக்கொண்டே தானும் ஆசிரியத் தொழில் பயிலும் முறை அது; 1846இல் பிரித்தானியாவில் ஏற்படுத்தப்பட்டது. அதற்கு முன்னர் அங்கே வழங்கியது சட்டாம்பிள்ளை முறை. அந்தச் சட்டாம்பிள்ளை முறையை அந்நாட்டாருக்கு அறிமுகஞ் செய்தவர்களுள் ஒருவர் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பாடசாலையை நடத்திய அன்ட்ரூ பெல் பாதிரியார். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் கண்டு, அதனைத் தம் பாடசாலையிற் பரீட்சித்து, 1797இல் நூலாக வெளியிட்டு, ‘மதராஸ் முறை’ என்ற பெயருடன் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். தமிழ்த் திண்ணையில் முளைத்த வழக்கம் கடல் கடந்து சென்று, வேறு வடிவெடுத்து, பின்னாளிற் கண்டிச் சீமைக்கு வந்த ஒரு பையனைத் தொட்டது என்பது நினைக்க நினைக்கச் சுவையாயிருக்கின்றது.

ஆசிரியராகவே இருந்திருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிய வந்திராது. உறவினர் ஒருவர் முன்னரே இலங்கைக் கோப்பித் தோட்டமொன்றில் இருந்தார். அவர் வழியாக 1851இல் மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தமாயிற்று. ஆண்டுக்கு 100 பவுண் சம்பளம். வேலை உதவித் துரை. பாய்க்கப்பலில் பல மாதம் கடலிற் கிடந்து 1852 பெப்ரவரியிற் கொழும்பிலே இறங்கினார். அப்போது அவருக்குப் பதினாறு வயது நிரம்பிப் பதினேழு பிறக்கவில்லை. இன்று நம் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்கு உட்காரும் வயது. சில வாரம் நாரங்ஹேனத் தோட்டத்தில் இருந்தபின், ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் நாற்பது ஆண்டு. அத்தோட்டத்தை விட்டு அவர் போகவேயில்லை.

இங்கே நாம் சற்று நின்று கவனிக்கவேண்டிய செய்தியொன்று உண்டு. பொற்கொல்லரின் பட்டறையில் ஒரு பையனைத் தொழிலுக்கு விட்டால், முதலாண்டு அவன் கூட்டிப் பெருக்குவான், துருத்தி ஊதுவான், கரி உடைப்பான். குறட்டைத் தொடக்கூட விடமாட்டார்கள். ஸ்தபதியிடம் போனாலும் அப்படித்தான். உளியைத் தீட்டப் பழகிய பின்னரே கல்லிற் கை வைக்கலாம். தொழிலின் முன் பணிந்து நிற்றல் பயிலுநனின் முதற் பாடம். தோட்டத்துச் சின்னதுரையின் நிலையோ தலைகீழானது. காடு எப்படி வெட்டுவது, நாற்றுமேடை எப்படிப் போடுவது, கான் எந்தச் சரிவில் வெட்டினால் மண் கரையாது என்று எதுவுமே தெரியாத பதினாறு வயதுப் பையன், அவை எல்லாவற்றையும் அறிந்த கங்காணிக்கும் தொழிலாளர்க்கும் முதல் நாளே ஆணையிடவேண்டும். அவன் ஆசிரியர்கள் அவன் முன்னே கைகட்டி நின்றார்கள். சின்னதுரைமார் தமிழ் பழகுவதற்காகப் பின்னாளில் அச்சிடப்பட்ட ஒரு கைந்நூலின் பெயரே ‘இங்கே வா’ என்பது. மாணாக்கன் ஆசிரியனை விளிக்கும் முதற் சொல்லாக இதைக் காட்டிலும் விபரீதமானது வேறொன்று இருக்கமுடியுமா?

இத்தகைய பயிற்சி மனிதனைக் கெடுத்துவிடும். கற்கவேண்டிய வயதில் கட்டளையிடப் பழகியவன் தனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பத் தொடங்குகிறான். அக்காலத் துரைமார் பலர் அவ்வாறே கெட்டனர். குடியிலும் கோபத்திலும் ஆயுளைக் கழித்தனர். டெயிலர் முனிவர் அல்லர். அவர் வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் ஸ்கொத்லாந்தின் தேசிய நூலகத்தில் இன்றும் உள்ளன. அவற்றிலிருந்து ஆய்வாளர்கள் தீட்டிக்காட்டும் மனிதர் வீட்டை நினைத்து ஏங்கியவர், உழைப்பாளி, தம் காலத்துத் துரைத்தனத்துக்கு முற்றிலும் புறம்பானவர் என்று சொல்லவும் இயலாதவர். ஆயினும் ஒன்று அவரைக் காப்பாற்றியது. கையால் செய்யப்படும் வேலையை அருகிலிருந்து பார்க்கும் ஆவல் அவரை விட்டு நீங்கவில்லை. பாதை போடுவதிலும் வீடு கட்டுவதிலும் அவர் தேர்ந்தவர் என்று பெயரெடுத்தார். பட்டறை ஓசை உள்ளத்தில் எங்கோ ஒலித்துக்கொண்டேயிருந்தது போலும்.

அவர் காலத்துத் தொழிலாளர் யார்? மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் உறவினரைப் பலிகொடுத்து வந்த நம் மூதாதையர். கோப்பிக் காலத்தில் அவர்கள் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பினார்கள். தேயிலை வந்தபின் நிலைத்துவிட்டார்கள். ஐரோப்பிய நாடுகளில் பயிலுநன் தன் காலம் முடிந்ததும் ஒரு பத்திரம் பெறுவான். இன்ன தொழிலை இன்னாரிடம் இத்தனை ஆண்டு பயின்றான் என்று அப்பத்திரம் சொல்லும். அதைக் காட்டி அவன் எந்த ஊரிலும் வேலை பெறலாம். நம்மவர் கையிலும் ஒரு காகிதம் இருந்தது. அதன் பெயர் துண்டு. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் போகவேண்டுமானால் அத்துண்டு வேண்டும். அவனுக்கு என்ன தொழில் தெரியும் என்று அதில் ஒரு சொல்லும் இராது. அவன்மீது எவ்வளவு கடன் இருக்கிறது என்பதே எழுதப்பட்டிருக்கும். 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை துண்டுமுறை நீடித்தது. இரு காகிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பயிலுதல் என்ற சொல்லின் பொருள் யாருக்கு எவ்வளவு அளந்து கொடுக்கப்பட்டது என்பது விளங்கும்.

கோப்பி செழித்திருந்த நாளிலேயே டெயிலர் வேறு பயிர்களைப் பழகத் தலைப்பட்டார். காய்ச்சலுக்கு மருந்தான கொயினா எடுக்கப்படும் சிங்கோனா மரத்தை இந்நாட்டில் முதலிற் பயிரிட்டவருள் அவரும் ஒருவர். பேராதனைத் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்தவர் துவைட்ஸ் என்பார். தேயிலைச் செடி அத்தோட்டத்துக்கு 1824இற் சீனத்திலிருந்தும் 1839இல் அஸ்ஸாமிலிருந்தும் வந்து நின்றதாயினும், அழகுச் செடியாகவே நின்றது. 1841இல் புசல்லாவை ரொத்சைல்ட் தோட்டத்தில் வோர்ம்ஸ் சகோதரர் சீனச் செடிகளை நட்டு, சீனத் தொழிலாளி ஒருவரைக் கொண்டு தேயிலை செய்தும் பார்த்தார்கள். செலவு தாங்காமற் கைவிட்டார்கள். வித்தை தெரிந்தவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவரிடம் கற்றுக்கொள்ள ஒருவரும் அருகிலே உட்கார்ந்ததாகத் தெரியவில்லை.

1866இல் டெயிலர் பேராதனையிலிருந்து தேயிலை விதை கொண்டுவந்து லூல்கந்துரைப் பாதையோரங்களில் நட்டார். அடுத்த ஆண்டு, அதாவது கொழும்புக் கோச்சி கண்டியை எட்டிய அதே 1867இல், 7ஆம் இலக்க மலையில் 19 ஏக்கர் வெட்டித் தேயிலை பயிரிடப்பட்டது. இதுதான் பாடநூலில் வரும் வரி. இதற்கு இரண்டு ஆண்டுகட்குப் பின்னர், 1869இல், நம் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருப்பது முதன்முதலாகக் காணப்பட்டது. இலைத்துரு என்னும் அந்நோய் இருபது ஆண்டுக்குள் இலங்கையின் கோப்பியைத் தின்று தீர்த்தது. நோய் வந்த பின்பு மருந்து தேடியவர்கள் பலர். டெயிலரோ நோய்க்கு முன்னரே மறு பயிரைப் பழகிக்கொண்டிருந்தார். எதிர்காலத்தை அவர் அறிந்திருந்தார் என்று சொல்லமாட்டோம். முதலாளிமார் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். அவர் அந்தச் சோதனையைக் கடமைக்காகச் செய்யாமல் மனம் வைத்துச் செய்தார்.

செடி வளர்ந்துவிட்டது, இனி இலையை என்ன செய்வது? கோப்பிக்குப் பழத்தைப் பறித்து, தோலை நீக்கி, காயவைத்தாற் போதும். பெரும் வித்தை ஒன்றுமில்லை. தேயிலை அப்படியன்று. இந்தியாவின் கச்சார்ப் பகுதியிலே தேயிலைத் தோட்டத்தில் இருந்த நோபிள் என்பவர் ஒருமுறை இவ்வழியே வந்தார். டெயிலர் அவரைச் சும்மா விடவில்லை. பங்களாத் தோட்டத்தில் நின்ற சில பழைய தேயிலைச் செடிகளிலிருந்து கொழுந்து பறித்து, எப்படிப் பறிப்பது, எப்படி வாட்டுவது, எப்படிக் கையால் உருட்டுவது என்று அவரிடம் செய்து காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். வந்த விருந்தாளியைக் குருவாக்கிக்கொண்ட கதை இது. ஸ்ரீமத் பாகவதத்திலே அவதூதர் தமக்கு இருபத்துநான்கு குருமார் இருந்ததாகச் சொல்லும் பகுதியை நம் சங்கப் பெரியோர் அறிவர். அவர்களுள் ஒருவன் அம்பு செய்யும் தொழிலாளி. அரசனின் பவனி மேளதாளத்துடன் தன் வாயிலைக் கடந்து போனதும் அறியாமல், அம்பை நேராக்குவதிலே கண் ஒன்றி இருந்தவன். வேதம் ஓதினவனைக் குருவாகக் கொள்வது எளிது. அம்பு தீட்டுபவனைக் குருவாகக் கொள்ளப் பணிவு வேண்டும்.

நோபிள் காட்டியது தொடக்கம் மட்டுமே. மிச்சத்தை டெயிலர் கெடுத்துக் கெடுத்துக் கற்றார். தொழிற்சாலை என்று தனியாக ஒன்றும் இல்லை. பங்களா விறாந்தைதான் ஸ்டோர். அங்கே மேசைகளைப் போட்டு, வாடிய கொழுந்தை அவற்றின்மேல் குவித்து, மணிக்கட்டு முதல் முழங்கை வரை கையை அழுத்தி உருட்டினார்கள். களிமண் அடுப்பிற் கரி நெருப்பு மூட்டி, கம்பித் தட்டுகளில் இலையைப் பரப்பிக் காயவைத்தார்கள். அவ்வாறு செய்த தேயிலை இறாத்தல் ஒன்றரை ரூபாவுக்கு அயலிலேயே விலைபோயிற்று.

இந்த வித்தை எங்கே இருக்கின்றது என்று நம் ஊர் டீமேக்கர் ஒருவரைக் கேட்டால், விரல் நுனியிலும் மூக்கிலும் இருக்கிறது என்பார். கொழுந்து வாடிவிட்டதா என்று அறிய ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்தவேண்டும். முறுமுறுத்தால் இன்னும் வாடவில்லை. பட்டுத் துணிபோலப் பிடித்த வடிவில் நின்றால் சரி. உருட்டிய இலையைப் பரப்பி வைத்தால் பச்சை மணம் போய்ப் பழத்தின் மணம்போல ஒன்று எழும். நிறம் புதுச் செப்புக்காசு போலாகும். அந்த மணத்தின் உச்சியில் அதனை நெருப்புக்குக் கொடுக்கவேண்டும். சக்கரத் தச்சர் தண்ணீர் ஊற்றும் கணம் போன்றது இதுவும். மழை நாளில் ஒரு கணக்கு, வெயில் நாளில் வேறொரு கணக்கு. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோத் தேயிலையாகும். அந்த ஒரு கிலோ நல்லதா கெட்டதா என்பது சில நிமிடத்தில் தீர்ந்துபோகும். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தோன்றி இவற்றுக்கெல்லாம் விஞ்ஞானப் பெயர் கூறியது. இலையின் சாறு காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்வதால் நிகழும் மாற்றம் என்று இன்று நாம் பல்கலைக்கழகத்திற் படிக்கின்றோம். கை அறிந்து அரை நூற்றாண்டு கழிந்த பிறகே கருவி அறிந்தது.

இனி நமக்கு நெருங்கிய செய்தி. விறாந்தையிலே முழங்கையால் இலையை உருட்டியவர்கள் யார்? துரை ஒருவராய் உருட்டியிருக்க முடியாது. தட்டைப் பிடித்தவர், நெருப்பை அடக்கியவர், முதல் நாள் பறித்த இலை முற்றல் என்று ஒதுக்கப்பட மறுநாள் இளங்கொழுந்தாகப் பார்த்துப் பறித்தவர், இவர்களெல்லாரும் யார்? லூல்கந்துரத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர். துரைக்கும் தெரியாத தொழிலைத் துரையோடு ஒரே நாளில், ஒரே மேசையில் அவர்கள் கற்றார்கள். ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுத்தார்கள். இலங்கைத் தேயிலையின் முதல் வகுப்பிற் படித்த மாணாக்கருள் ஒருவர் பெயர் மட்டுமே நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றது. டெயிலரின் புகழைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் பெற்ற பெருமை மெய்யானது. ஆனால் ஒரு வகுப்பறையில் ஒரே ஒரு மாணவன்தான் இருந்தான் என்று எழுதப்படும் சரித்திரத்தை நம்மவர் பேசாமல் ஏற்கவேண்டியதில்லை.

1872இல் லூல்கந்துரையில் முறையான தேயிலை ஸ்டோர் அமைந்தது. உருட்டுவதற்குத் தாமே வகுத்த இயந்திரம் ஒன்றையும் டெயிலர் அங்கே பூட்டினார். தண்ணீர்ச் சக்கரம் அதனைச் சுழற்றியது. வண்டிச் சக்கரம் செய்தவரின் மகன் முப்பத்தேழாம் வயதிலே தந்தையின் தொழிலுக்கு இவ்வாறு வந்து சேர்ந்தார். 1873இல் அவர் தோட்டத்துத் தேயிலை 23 இறாத்தல் லண்டனுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு அவர் விடுமுறை எடுத்தார். நாற்பது ஆண்டில் அவர் எடுத்த ஒரே விடுமுறை அது என்பர். தாய்நாட்டுக்குப் போனாரா? இல்லை, டார்ஜிலிங்குக்குப் போனார், அங்கே தேயிலை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பதற்கு! முப்பத்தொன்பது வயது, பெரிய துரை, கைந்நிறையப் பெயர். அந்நிலையிலும் மற்றொருவர் ஸ்டோரில் மாணாக்கராக நிற்க அவர் கூசவில்லை. ஸ்கொத்லாந்தை அவர் மறுபடி காணவேயில்லை.

கோப்பி சாயச் சாய லூல்கந்துரை ஒரு பாடசாலையாயிற்று. அயல் தோட்டத்துத் துரைமார் வந்து பார்த்துப் போனார்கள். 1880இல் 81 தொன்னாக இருந்த இலங்கைத் தேயிலை 1890இல் 22,900 தொன்னை எட்டியது. 1875இல் ஆயிரம் ஏக்கரைச் சற்றே கடந்திருந்த பரப்பு இருபது ஆண்டிலே மூன்று இலட்சம் ஏக்கரைக் கடந்தது. அவ்வலை ஊவாவுக்கும் ஏறி வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்கு மேலுள்ள தம்பேத்தன்னை அவருடையதாயிற்று. ஸ்பிரிங்வெளி மலைகளும் கோப்பி மாறித் தேயிலையாயின. ஆடி ஆவணியிற் கச்சான் காற்று நடு மலையைக் கடந்து ஈரம் வற்றி நம் பக்கம் வீசும்போது ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி மணம் உண்டாகின்றது. அந்தக் காற்றை இலைக்குள் அடைத்து வைப்பது எப்படி என்று எந்த லூல்கந்துரையும் ஊவாவுக்குச் சொல்லித்தர இயலாது. இங்குள்ளவர்கள் தாமே பயின்றார்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து வாட்டு மாடிக்குப் போய்க் கொழுந்தைத் தொட்டுப் பார்த்தவர்கள் பயின்றார்கள்.

பிற்காலத்தில் தோட்டத் தொழிலுக்குப் பயிலுநர் முறை ஒன்று ஏற்பட்டது. சீமையிலிருந்து வந்த இளைஞனுக்காக அவன் குடும்பத்தார் பெரிய துரைக்குப் பணம் கட்டுவர். அவன் அவரோடு இருந்து தொழில் பழகுவான். அவனைப் பகடியாகக் ‘கிரீப்பர்’ என்று அழைத்தார்கள். துரைத் தொழிலைக் கற்க ஒரு முறை, ஒரு பெயர், ஒரு கட்டணம். கொழுந்து பறிக்கக் கற்பவளுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. தாயின் நிரைக்கு அடுத்த நிரையில் நின்று, இரண்டு இலையும் ஒரு குருத்தும் எது, ஒதுக்கவேண்டிய முற்றல் எது என்று இரு கைகளாலும் ஒரே வேளையிற் பிரித்தறியப் பழகுகிறாள். மட்டக்கம்பு வைத்துச் செடியின் மேற்பரப்பைச் சமமாகக் காக்கிறாள். கண் பார்த்துக் கை செய்வது மாறி, கையே பார்க்கும் நிலை வரப் பல மாதம் ஆகும். கவ்வாத்து வெட்டுபவரின் கத்தி ஒரு வீச்சில் சாய்வாக, பட்டை கிழியாமல், தண்ணீர் தேங்காதபடி வெட்டவேண்டும். தவறினால் செடி பல ஆண்டு நோயோடு நிற்கும். இவ்வளவையும் பயின்றவர்களைத் தொழில் பயிலாதவர் என்று ஏட்டிற் குறித்தார்கள். கூலி என்ற ஒரே சொல்லில் அடக்கினார்கள். வேதனம் அச்சொல்லின்படியே கணக்கிடப்பட்டது.

நம் இளைஞர் பலர் மலையை விட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போகின்றனர். போவதைக் குறைகூற மாட்டோம். தகப்பனார் பட்டதைப் பார்த்தவர்கள் போகத்தான் செய்வார்கள். ஆனால் கடையில் பொட்டலம் கட்டும் பிள்ளை பத்து ஆண்டு கழித்தும் பொட்டலமே கட்டுகிறான் என்பதையும் காண்கின்றோம். மின்வேலை, தச்சு, இயந்திரம் பழுதுபார்த்தல் முதலியவற்றைக் கற்பிக்க இன்று அரசின் பயிலுநர் பயிற்சித் திட்டங்கள் உள்ளன. லயத்திலே பேர்போன கவ்வாத்துக்காரப் பெரியவர்களும் ஓய்வுபெற்ற டீமேக்கர்களும் இருக்கிறார்கள். மாலை நேரத்திற் கோயில் திண்ணையில் அவர்கள் பக்கத்தில் உட்கார நம்மவருக்கு நேரமில்லை.

டெயிலரின் கடைசி நாட்கள் இனிமையானவையல்ல. 1891இல் தோட்டத் துரைமார் சங்கம் அவருடைய தொண்டைப் பாராட்டி வெள்ளித் தேநீர்க் கலங்கள் வழங்கியது. மறு ஆண்டே நிர்வாகத்தினர் அவரை வேலையை விட்டு விலகும்படி கேட்டார்கள். தோட்டங்கள் கம்பெனிகளின் கையிற் சேர்ந்துகொண்டிருந்த காலம். பழைய துரையின் போக்கு புதியவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர் போக மறுத்தார். அச்சச்சரவு தீருமுன் வயிற்றுளைவு நோய் கண்டு 1892 மே மாதம் 2ஆந் திகதி லூல்கந்துரையிலேயே காலமானார். வயது 57.

அவர் மிகப் பருத்த உடலினர். 246 இறாத்தல் நிறை. லூல்கந்துரையிலிருந்து கண்டி வரை அவ்வுடலைத் தோளிற் சுமந்தே கொண்டுபோகவேண்டியிருந்தது. 24 பேர் இரு கூட்டமாகப் பிரிந்து, பன்னிருவர் பன்னிருவராக மாறி மாறிச் சுமந்தனர். காலையிற் புறப்பட்டுப் பிற்பகலிற் கண்டி சேர்ந்தனர். பின்னால் கங்காணிமாரும் தொழிலாளரும் ‘சாமித் துரை’ என்று அரற்றிக்கொண்டு நடந்தார்கள் என்று சொல்வர். மஹியாவை மயானத்திலே அவர் கல்லறை இருக்கின்றது. இத்தீவில் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் முன்னோடி என்று அதிலே பொறித்திருக்கிறார்கள். 2001இல் கண்டிக்கு அருகே ஹந்தானையில் திறக்கப்பட்ட தேயிலை அரும்பொருட்சாலையில் அவர் தோட்டத்துப் பொருள்கள் சில வைக்கப்பட்டுள்ளன. சுமந்து சென்ற இருபத்துநால்வருள் விறாந்தை மேசையில் அவரோடு நின்று இலை உருட்டியவர்கள் எத்தனை பேரோ! கல்லறையிலும் அரும்பொருட்சாலையிலும் அவர்கள் பெயர் இல்லை. பாதை வழுக்குமிடங்களிலே எப்படிக் கால் ஊன்றுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாற்பது ஆண்டாக அப்பாதையைப் போட்டவர்களும் அவர்களே.